ஆர்லிஸின் புல்லும் டெல்மரின் உதவியும்

1

இந்தக் கதை மண்மீதுள்ள பாசத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பொறாமையில் பிறந்தது. எதிர்வீட்டு ஆர்லிஸ், பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டு முன்னாலிருந்த புல்தரையைப் பெயர்த்தெறிந்துவிட்டு, இந்த மண்ணில் ஆதியில் இருந்த புல்வெளியைத் திரும்ப வளர்த்தாள். ஆளுயரப் புல், ஊதாப் பூக்கள், நம் எருக்குக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு பால்செடி. நாலு வருஷ உழைப்பு. அதே நாலு வருஷத்தில் நான் நாவலின் முதல் அத்தியாயத்தைக்கூட முடிக்கவில்லை.

முதல் வரிக்கு எழுதிப் பார்த்தவை:

காற்றில் அந்தப் புல் கடலைப் போல— (இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு இரண்டு நாள் ஆகும். அடித்துவிட்டேன்.)

பூமித்தாயின் பச்சை மடியில்— (எனக்கே கூசுகிறது.)

2

நெப்ராஸ்காவில் ஒரு நகரம். பெயர் வேண்டாம், நகராட்சியில் எனக்கும் வேலை ஆகவேண்டியிருக்கிறது. இந்த ஊருக்குப் புல்வெளி என்றால் உயிர். வங்கியின் சின்னத்தில் புல், தெருப் பெயர்களில் புல், கடைத்தொகுதிச் சுவர் முழுக்க வரைந்த புல். நிஜப் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்தால் மட்டும் குற்றம். ஆர்லிஸ் நகர மன்றத்தில் நின்று சண்டை போட்டு ஜெயித்தாள். ஒரே நிபந்தனை, பலகை வைக்க வேண்டும்: ‘இது களை அல்ல. வேண்டுமென்றே வளர்த்தது.’*

(* என் கதைகளுக்கும் இப்படியொரு பலகை வைக்கலாமா என்று யோசனை.)

இந்தக் கோடையில்தான் அவள் காத்திருந்த செடி முதல் மொட்டு விட்டது. வருஷக்கணக்கில் வேரை மட்டுமே வளர்க்கிற அழுத்தமான செடி அது. அந்த வாரம் பார்த்து ஒமாஹாவில் அக்காவுக்கு முட்டி அறுவை சிகிச்சை. ஆர்லிஸ் கிளம்பிப் போனாள்.

3

டெல்மரை முதலில் வில்லனாக எழுதினேன். ஒட்டவில்லை. ஆர்லிஸின் அடுத்த வீட்டுக்காரர். மனைவி போனபிறகு வீட்டுக்குள் இருக்க முடியாமல், உட்கார்ந்து ஓட்டுகிற மிஷினில் ஏறிப் புல் வெட்டிக்கொண்டே இருப்பவர். தன் வீடு, தேவாலயம், என் வீடு. எனக்கும் ஆர்லிஸுக்கும் காய்ச்சல் வந்தபோது பாத்திரம் நிறைய நூடுல்ஸ் செய்து கொண்டுவந்து கொடுத்தவர். சாப்பாடு கொண்டுவருகிற வில்லனை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

ஆக, உதவி செய்யத்தான் அவர் ஆர்லிஸின் புல்வெளிக்குள் இறங்கினார். மொட்டு, பூ எதுவும் மிச்சமில்லை. சாய்வுக் கோடுகள் விழும்படி அழகாக, ஒட்ட வெட்டிவிட்டார்.

4

ஆர்லிஸ் காரைவிட்டு இறங்கி அப்படியே நின்றாள். டெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

“அக்காவுக்கு முட்டி எப்படியிருக்கு?”

“பரவால்ல. நடக்கறா.”

“நல்லது, நல்லது. நீங்க போனதும் இது காடா மண்டிக் கெடந்துது. பாவம், அக்காவப் பாப்பாங்களா இதப் பாப்பாங்களான்னு நானே எறங்கிட்டேன். என் மிஷினே ரெண்டு தடவ திணறிப் போச்சுன்னா பாத்துக்குங்க!”

ஆர்லிஸ் பலகையைப் பார்த்தாள்.

“அதையும் படிச்சேனே! அதான் அதச் சுத்தி மட்டும் கத்தரியால வெட்டினேன். பலகைல ஒரு கீறல் இருக்கா பாருங்க.”

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டு ஆர்லிஸ் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். மன்றத்தையே வியர்க்க வைத்த பெண். திறந்தாள்.

“ரொம்ப நன்றி டெல்மர். உங்களுக்குத்தான் வீண் சிரமம்.”

“சிரமமா? எனக்கு வேற என்ன வேல? சனிக்கெழம சனிக்கெழம வந்துடறேன். விடாம வெட்டினாத்தான் இது அடங்கும்.”

5

“நன்றி சொன்னியா? மூளை கீளை இருக்காடி ஒனக்கு?” அக்கா போனில்.

“வாயில வந்துடுச்சுக்கா.”

“ஊரையே எதுத்து நின்னியே, ஒரு ‘வேண்டாம்’ வரலியா?”

“நகராட்சிக்காரன் எவனும் எனக்கு நூடுல்ஸ் செஞ்சு குடுக்கலியே. அந்த மனுஷனுக்கு இது ஒண்ணுதான்கா பொழுது. வேண்டாம்னா மூஞ்சி எப்படிப் போகும்?”

“அப்ப வாராவாரம் மொட்டை அடிச்சுக்க.”

“மொட்டு விட்டிருந்துச்சுக்கா,” என்று சொல்லி ஆர்லிஸ் அழுதாள். ஒரு தடவை வெட்டினால் துளிர்த்துவிடும். வாராவாரம் வெட்டினால் எந்த வேரும் ஒருநாள் சலித்துப் போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. டெல்மர் மனம் திருந்தி, கண்ணீரோடு ஒரு விதையை ஊன்றுகிறார். பரிசுக்கமிட்டி இதை விரும்பும். டெல்மரோ மிஷினைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறார். ஆர்லிஸ் நாலு பேர் பார்க்க அவரைத் திட்டித் தீர்ப்பதாகவும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். மூன்றாவது: வெட்டுண்டாலும் மண்ணுக்கடியில் ஆழத்தில் அந்த வேர்கள்— (வேரைக் கண்டால் நம் எழுத்தாளர்களுக்குக் கை சும்மா இருக்காது. எனக்கும்தான். நிறுத்திவிட்டேன்.)

7

இன்று சனிக்கிழமை. டெல்மர் தன் பக்கத்தை முடித்துவிட்டு மிஷினை ஆர்லிஸ் பக்கம் திருப்புகிறார். அங்கே விரலளவு துளிர்கள் வந்திருக்கின்றன.

ஆர்லிஸ் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து எல்லையில் நிற்கிறாள். கையை உயர்த்தி ‘நில்லுங்கள்’ என்று காட்டுகிறாள். டெல்மர் முகம் மலர்ந்து பதிலுக்குக் கையசைக்கிறார். இந்த ஊரில் யார் கை உயர்ந்தாலும் அது வணக்கம்தான்.

அவள் வாய் அசைகிறது. ‘வேண்டாம்’ என்கிறாளா, பாழாய்ப்போன ‘நன்றி’யையே மறுபடியும் சொல்கிறாளா, மிஷின் இரைச்சலில் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து நான் ஒரு சத்தம் போட்டால் போதும். திறந்தேன். டெல்மர் என்னைப் பார்த்தும் கையசைத்தார். இத்தனை வருஷம் இங்கே குடியிருந்த தோஷம், என் கையும் தானாக மேலே போய் ஆடுகிறது.

வாசகரே, உங்களுக்கு இந்தத் தெருவில் யாருடைய சாப்பாட்டுக் கடனும் இல்லை. அந்த ‘வேண்டாம்’ என்பதை நீங்கள் சொல்லுங்கள். சத்தமாக, உங்கள் வீட்டில் சொல்வதுபோல. சீக்கிரம், சக்கரம் எல்லைக்கு வந்துவிட்டது.