ஊறப்போட்ட வேலிமசால்

விஜய்ராஜின் உயிருக்கு ஒன்பதேகால் லட்சம் என்று முடிவாயிற்று. விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு எட்டரையில் ஆரம்பித்தது. தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்னுராஜ் பேசிப் பேசி முக்கால் லட்சம் ஏற்றினார். பெற்ற மகன் விஷயத்திலும் நாக்கு தன் பாட்டுக்குப் பேரம் பேசியதே என்று பிறகு நினைத்துப் பார்த்தார். வருத்தம்கூட வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுப் பல் பிடுங்கிய பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது.

பையன் விட்டுப்போனது, பழனிசெட்டிபட்டி வீட்டுக்குப் பின்னால் கூண்டு நிறைய முயல். இருந்தவரை பைக்கில் போய் வாய்க்கால் ஓரம் புல் அறுத்து வருவான். இப்போது சந்தையில் கழித்துப்போடும் முட்டைக்கோஸ் இலையைத் தின்று அவை வயிறு போய்க் கிடந்தன. கொல்லையில் தீவனம் போட்டாக வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் இழுபறி.

"தட்டைப்பயறு போதும். ரெண்டு மாசம் தழை வரும். அதுக்குள்ள கறிக்கடை ஏசுதாசன் வந்து கூண்டோட ஏத்திக்கிருவான். பேசியாச்சு."

சொர்ணலதா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "வேலிமசால் போட்டா மூணு வருசம் அறுக்கலாம்னு மாட்டு டாக்டரு சொன்னாக. அரைக் கிலோ விதை வாங்கிட்டேன்."

"மூணு வருசம் இங்கன யாரு அறுக்கிறது?"

"நாந்தேன். வேற எங்கன போகப்போறேன்?"

"காலையில திருப்பிக் குடுத்துட்டு வாறேன். விதைக்கடைக்காரரு நம்ம சர்ச்சு ஆளுதேன், வாங்கிக்கிருவாக."

விடிந்ததும் பையைத் தேடினார். வெறும் பை. விதை குண்டானில் தண்ணீருக்குள் கிடந்தது. வேலிமசால் விதைக்குத் தோல் கட்டி. வெந்நீரில் போட்டெடுத்து, இரவெல்லாம் பச்சைத்தண்ணீரில் ஊறினால்தான் ஒழுங்காக முளைக்கும்.

"தெரிஞ்சேதேன் செஞ்சியா?"

"நம்ம கடையில ஊறுன உளுந்தத் திருப்பி எடுப்பீகளா?"

எடுக்க மாட்டார். உறை பிரித்த சாமானையே எடுக்க மாட்டார். பஜாரில் எவனிடமும் தோற்காதவர், ஒரு குண்டான் தண்ணீரிடம் தோற்றார். சட்டைப்பையில் போன் அடித்தது. ஏசுதாசன். அடித்து ஓயும்வரை கையில் வைத்திருந்தார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். ஈர விதையை மணலில் புரட்டி அவள் தூவ, அவர் மண் தள்ளினார்.

வெயில் ஏறியபோது கணக்கு இப்படி நின்றது: கட்டிய பாத்தி ஒன்பது, விதைத்தது எட்டு, பாக்கி ஒன்று. அந்த ஒன்றில் சொர்ணலதா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.