கார்த்திகையில் வரும் வாழ்த்து

இணையத்தளம் திருத்துகிற வேலையைப் போல நன்றி கெட்ட வேலை வேறு இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஒருவருக்கும் என் ஞாபகமே வராது. ஒரு படம் திறக்கவில்லை என்றால் மட்டும் கனடாவில் இருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். முள்ளியவளையில் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பின் மேசையில் இருந்து இந்த வேலையையும் செய்கிறேன். என் பெயர் வினோஜா. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

போன மாதம் வளர்பிறை சனசமூக நிலையத்தின் தலைவர் அப்புத்துரை ஐயா வியர்க்க விறுவிறுக்க வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, எங்கட வெப்சைட்டுக்குள்ள ஆரோ பூந்திட்டாங்கள். மரண அறிவித்தலைத் திறந்தா சூதாட்ட விளம்பரம் வருது. வெளிநாட்டுச் சனம் என்னைக் கிழிகிழியெண்டு கிழிக்குது."

"ஐயா, எத்தினை வருசமா அதை அப்டேட் பண்ணேல்லை?"

"அப்பிடி எண்டா?"

எனக்குத் தலையில் அடிக்கவேண்டும் போல இருந்தது. பூட்டே இல்லாத வீட்டைப் பன்னிரண்டு வருடம் திறந்து போட்டுவிட்டு, கள்ளன் வந்துவிட்டான் என்று அழுகிறார் மனுசன். முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, பழையதைப் புதுப்பித்து, குப்பையைக் கூட்டி, பாவிக்காத பயனர் கணக்குகளை அழித்துத் தருகிறேன் என்றேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"கிருசாந்தன்ர கணக்கையுமோ?"

அந்தத் தளத்தைக் கட்டியவனே கிருசாந்தன்தான். ஊரில் பாதிச் சனம் வெளிநாட்டில். யார் செத்தது, யார் பிறந்தது, கோயில் கொடியேற்றம் எப்போது என்று அவர்கள் பார்ப்பதற்காக இராப்பகலாய் இருந்து கட்டினான். 2013இல் கொக்கிளாய்க்கு அங்கால் ஒரு கரையில் இருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறினான். மகள் சாரங்காவுக்கு அப்போது மூன்று வயது. படகுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஒரு போன் இல்லை, ஒரு சொல் இல்லை.

ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும், சாரங்காவின் பிறந்தநாள் அன்று காலையில், அந்தத் தளத்தில் அவன் பெயரில் ஒரு வாழ்த்து வரும்.

ஊர் முழுக்க அறிந்த விசயம் இது. அவன் மனைவி கஜேந்தினி அக்கா அந்த வாழ்த்தை நம்பித்தான் பொட்டு வைக்கிறா, தாலி போடுகிறா. ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு முகாமில் போனைப் பறித்து வைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு ஒரு தடவை யாருடைய கம்பியூட்டரையோ இரந்து எழுதுகிறார் என்பது அவவின் கணக்கு. அன்றைக்குக் கேக் வெட்டி அயலுக்கெல்லாம் கொடுப்பா. நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

பத்தாவது பிறந்தநாளுக்கு, 'புலமைப்பரிசில் எழுதியிருப்பாய், பாசோ பெயிலோ அப்பாவுக்கு எல்லாம் ஒண்டுதான்' என்று வந்தது. "பாத்தியே, பிள்ளை சோதினை எழுதினதுகூட அவருக்குத் தெரியுது" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தா. அடுத்த வருடம், 'டைகருக்கும் ஒரு துண்டு கேக் குடு' என்று வந்தது. டைகர் என்ற அந்த நாய் செத்து நாலைந்து வருடம். "பாவம், நாய் செத்தது அவருக்கு எங்கால தெரியும், ஆர் சொல்றது?" என்று அழுதா. தெரிந்திருந்தாலும் உயிரோடு இருக்கிறார், தெரியாவிட்டாலும் உயிரோடு இருக்கிறார். அந்த நம்பிக்கையோடு யார் மல்லுக்கட்டுவது?

எனக்கு அவன் மேல் ஆத்திரம்தான். வருடத்துக்கு ஒரு வாழ்த்து எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு போன் எடுக்கத் தெரியாதா? அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், மனச்சாட்சி உறுத்தும்போது மட்டும் தட்டிவிடுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அண்ணா பாலன் லொறி ஓடுகிறார். கஜேந்தினி அக்காவைக் கட்ட ஆசைப்பட்டு ஆறு வருடத்துக்கு முன்பு நேரிலேயே போய்க் கேட்டார். "புருசன் உயிரோட இருக்கிறவளிட்ட இப்பிடிக் கேக்கலாமோ?" என்று அவா கோபம்கூட இல்லாமல் சொல்லி அனுப்பினா. அண்ணா இன்னும் ஒருத்தியையும் கட்டவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தளத்தின் பிரதியை என் மடிக்கணினியில் இறக்கினேன். சூதாட்டக் குப்பையை ஒவ்வொன்றாகக் கூட்டி வெளியே எறிந்தேன். புதிய பதிப்பை ஏற்றினேன், படங்கள் திறந்தன. மிச்சம் இருந்தது கோயில் திருவிழா நாள்காட்டி. வரப்போகும் வருடங்களுக்கும் அது சரியாக மாறுகிறதா என்று பார்க்க, கணினியின் திகதியை மூன்று வருடத்துக்கு மேல் முன்னால் தள்ளிவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன்.

பட்டப்பகல். வெளியே றோட்டில் பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. திரையின் உச்சியில் கிருசாந்தனின் பெயரில் ஒரு வாழ்த்து வந்து நின்றது.

'சாரங்கா, இண்டைக்கு உனக்குப் பதினெட்டு. இனி அப்பா சொல்லி நீ கேக்கிற வயதில்லை. எண்டாலும் சொல்லுறன். சைக்கிளில போகேக்கை றோட்டுக் கரையால போ. அம்மாவை விட்டிட்டுத் தூர இடத்துக்குப் போறதெண்டா, சொல்லிப்போட்டுப் போ.'

பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் நான் சிரிக்கிறவள். அன்றைக்கு எழும்பிக் கடைக்கு வெளியே ஓடி, வெயிலுக்குள் போய் நின்றேன். இன்னும் வராத ஒரு நாளில் நின்றுகொண்டு ஒருவன் மகளோடு கதைக்கிறான். என் கழுத்துக்குப் பின்னால் நின்று அவனும் அதை வாசிக்கிற மாதிரி இருந்தது. பஸ் போய், தூசி அடங்கி, பக்கத்துக் கடைக்காரி "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்று கேட்டபிறகுதான் உள்ளே வந்தேன்.

வந்து, திகதியைத் திரும்பச் சரியாக்கிவிட்டு, உண்மையான தளத்துக்குள் தேடினேன். தேடவே தேவையில்லை, 'காத்திருக்கும் பதிவுகள்' என்ற பகுதியில் எல்லாம் வெளிச்சமாகத்தான் இருந்தது. பதிவு ஒன்றை இன்றைக்கே எழுதி, வெளிவரவேண்டிய நாளைக் குறித்து விட்டுவிடலாம். நாள் வந்ததும் தளம் தானே வெளியிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சின்ன வசதி அது. கிருசாந்தன் நாலாவது பிறந்தநாளில் இருந்து பதினெட்டாவது வரைக்கும் எழுதி வைத்திருந்தான். எல்லாம் ஒரே நாளில் எழுதியவை. படகு ஏறுவதற்கு முதல் நாள். அதற்குப் பிறகு அவனுடைய கணக்குக்குள் ஒருவரும் நுழைந்ததே இல்லை.

வந்தவை போக, மூன்று இன்னும் முறைக்குக் காத்திருந்தன. இவ்வளவு காலமும் அவனைத் திட்டின திட்டை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். லொறியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார்.

"நீ ஒண்டும் சொல்லாத."

"அண்ணா, அவா தெரிஞ்சுகொள்ள வேண்டாமோ?"

"எங்கட வாயால தெரியவேண்டாம். நாளைக்கு அவா என்னைப் பாக்கேக்கை, தன்ர மனுசனைச் சாக்காட்டினவன் எண்டெல்லோ பாப்பா. அந்தக் கணக்கை மட்டும் தொடாமல் விடு, அவா இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

கோபத்தில் போனை வைத்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கோபம். உண்மையைச் சொன்னால் என் அண்ணாவுக்காகச் சொன்னேன் என்று ஆகும். சொல்லாவிட்டால், பதினெட்டாவது பிறந்தநாள் வாழ்த்து வந்து போன அடுத்த கார்த்திகையில் அந்த மனுசி விடியவே எழும்பி, கேக்கும் வாங்கி வைத்துக்கொண்டு, வராத ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருப்பா. அவவுக்கு யார் அப்போது என்ன சொல்வது? நானே அவன் பெயரில் ஒன்றை எழுதி விட்டுவிடலாமோ என்றுகூட ஒருக்கா நினைத்தேன். நினைத்த உடனே என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் மற்ற வேலைகளைச் செய்தேன். அழிப்பதற்குக் கணக்கைத் தெரிவு செய்தால் புதிய பதிப்பு ஒரு கேள்வி கேட்கும்: இவருடைய பதிவுகளை எல்லாம் அழிப்பதா, வேறொருவரின் பெயருக்கு மாற்றுவதா? ஒருதரம் கைதவறி அந்தக் கேள்வி வரைக்கும் போய்விட்டு, பட்டென்று மூடினேன்.

மூன்றாம் நாள் கஜேந்தினி அக்காவே வந்தா. தைத்துக்கொண்டிருந்தவா அப்படியே எழும்பி வந்திருக்கிறா, சட்டையில் நூல் ஒட்டியிருந்தது. நெற்றியில் எப்போதும் போலப் பெரிய பொட்டு.

"வினோ, அவற்ர கணக்கை எடுக்கப்போறியாம்? அப்புத்துரை ஐயா சொன்னவர்."

"இல்லை அக்கா. இருங்கோ."

"எடுத்துப்போடாதையடி. அவருக்கு வாறதுக்கு வேற வழி இல்லை. அதைப் பூட்டினா அந்த மனுசன் எங்கால வாறது?"

என் கையைப் பிடித்திருந்தா. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். நான் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஐயோ, வாயைத் திறந்தால் பொய் வரவில்லை. மடிக்கணினியை அவவின் பக்கம் திருப்பினேன். காத்திருக்கும் மூன்றையும் காட்டினேன். எழுதிய நாளைக் காட்டினேன். தளம் தானே வெளியிடும் விதத்தைச் சொன்னேன்.

அக்கா பதினாறை வாசித்தா. பதினேழை வாசித்தா. பதினெட்டில் 'சொல்லிப்போட்டுப் போ' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தா.

"பாத்தியே என்ர மனுசன்ர கெட்டித்தனத்தை. இருந்த இடத்தில இருந்து பதினைஞ்சு வருசத்துக்கு எழுதியிருக்கிறார்."

விளங்கவில்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவா திரையையே பார்த்துக்கொண்டிருந்தா.

"வினோ, இதை அழிக்கிறதெண்டா கஷ்டமோ?"

"இல்லை அக்கா. ஒரு நிமிசம் போதும்."

"இஞ்ச வந்துதான் அழிக்கவேணுமோ?"

"தேவையில்லை. பாஸ்வேட் தெரிஞ்சா எங்க இருந்தும் அழிக்கலாம்."

"அவுஸ்திரேலியாவில இருந்தும்?"

"ஓம் அக்கா."

"முகாமில இருந்தும்? ஆற்றையேன் போனை வாங்கியும்?"

"ஓம்."

அவா கதிரையில் பின்னால் சாய்ந்தா. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"போற அண்டு படலையில நிண்டு எனக்கு ஒரு கதை சொன்னவர். 'கஜேன், வெப்சைட்டில ஒண்டு செய்து வைச்சிருக்கிறன். போய் இறங்கின உடன முதல் வேலையா அதை அழிச்சுப்போடுவன். அது உன்ர கண்ணில படாது' எண்டவர். எனக்கு இந்தக் கம்பியூட்டர் ஒண்டும் விளங்காது. என்னவோ தன்ர வேலையாக்கும் எண்டு கேக்காமல் விட்டிட்டன்."

நான் கண்டுபிடித்ததாக நினைத்தது பாதிதான். மற்றப் பாதி பன்னிரண்டு வருடமாக அவவிடம் இருந்திருக்கிறது.

"இறங்கியிருந்தா அழிச்சிருப்பார்" என்றா அக்கா. மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னா. "அழிக்கேல்லை. அப்ப இறங்கேல்லை."

"அக்கா..."

"நான் அதுக்குக் கேக் வெட்டினனான், வினோ. நாலாவது பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்து வந்த அண்டு தெருவெல்லாம் குடுத்தனான். உனக்கும் தந்தனான். ஒவ்வொரு வருசமும் நான் இல்லை, நான் இல்லை எண்டு அந்த மனுசன் சொல்லச் சொல்ல, நான் கேக் வெட்டினனான்."

அதற்குப் பிறகுதான் அழுதா. அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடச் செத்தவீடு ஒரே தரத்தில் என் கடைக்குள் நடந்தது. போட்டோக்கொப்பிக்கு வந்த ஆட்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு அவவின் காலடியில் நிலத்தில் இருந்தேன். என் போன் மேசையில் கிடந்து அடித்தது. அண்ணா. எடுக்கவில்லை.

அழுது முடிந்ததும் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தா.

"மிச்சம் மூண்டும் வரட்டும். அது பிள்ளைக்குத் தகப்பன் எழுதினது, அதில கை வைக்காத."

"ஓம் அக்கா."

"மரண அறிவித்தல் போடுற இடத்தை எடு."

எடுத்தேன். அவா சொல்லச் சொல்லத் தட்டினேன். பெயர், பிறந்த இடம், அன்புக் கணவர், பாசமிகு தந்தை. இவ்வளவு காலமும் இந்தக் கடையில் இருந்து எத்தனையோ பேருக்கு மரண அறிவித்தல் தட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். கடைசியில் ஒரு கட்டம் வெறுமையாக நின்றது. அதை நிரப்பாவிட்டால் தளம் அறிவித்தலை ஏற்காது.

"அக்கா, இறந்த திகதி கேக்குது. என்ன போடுறது?"

அவா யோசிக்கவே இல்லை.

"சாரங்காவின்ர நாலாவது பிறந்தநாளைப் போடு. அண்டைக்குத்தானே எனக்கு முதன்முதல் அறிவிச்சவர்."