பச்சைக் குறி

“இதுல எழுதுறது எங்க புள்ள போவுது?” என்று மகள் கையிலிருந்த டெப்லட்டைக் காட்டி நல்லம்மா கேட்டாள்.

“ஆபீசுக்கும்மா.”

“வயரு ஒண்ணையும் காணோமே.”

“சிக்னல்ல போவும்.”

“மேக்கணக்குல ஏது சிக்னல்? கோயில் பக்கத்து ரோட்டு முடக்குக்குப் போனாத்தானே போனே பேசுது.”

“அதுக்குத்தான் ஒரு வேல செஞ்சிருக்கேன். சிக்னல் இல்லாட்டி, எழுதுனத பிரவுசரே தனக்குள்ள ஒரு எடத்துல பதிஞ்சு வச்சுக்கும். டெப்ப நிப்பாட்டுனாலும் அழியாது. முடக்குப் பக்கம் கொண்டு போனதும் அதுவாவே வரிசையா எடுத்து அனுப்பிரும்.”

“அதுவரைக்கும் பத்திரமா இருக்குமா?”

“யாராச்சும் வேணும்னு அழிச்சாத்தான் உண்டு.”

நல்லம்மா திரையை முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். “அப்ப உங்கண்ணன் ‘இனி குடிக்க மாட்டேன்’னு சொல்றதயும் ஒவ்வொரு தடவயும் இதுல எழுதிப் போடு.”

“அவ்வளவு எடம் இதுல இல்லம்மா.”

இருவரும் சிரித்தார்கள். அது எட்டு மாதத்துக்கு முன். பதுளையில் நிரஞ்சலா வேலை பார்க்கும் சிறிய கம்ப்யூட்டர் நிறுவனம் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்காகச் செய்த கோரிக்கைப் பக்கத்தை, அவளே மேக்கணக்கு என்ற மேல்பிரிவுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்று.

இன்று நல்லம்மா, லயத்து வரிசை வீட்டின் வாசல் இஸ்தோப்பில் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். மகன் ஜெயரூபன் குளித்த ஈரத்தோடு மண்குடத்தைத் தோளில் ஏற்றப் போனபோது, நிரஞ்சலா அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

“குடத்தக் கீழ வைக்கச் சொல்லுங்க மாமா.”

வாசலில் தப்பு மேளம் நின்றது.

நாலு வருடமாக அவள் அண்ணனோடு நேரே பேசியதில்லை. ஹப்புத்தளையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன் அவன் குடித்துவிட்டு வந்து, மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கேட்ட கேள்வியோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு, “அவன சாப்பிடச் சொல்லும்மா”, “அவளுக்கு பஸ்ஸு போயிரும்னு சொல்லும்மா” என்று எல்லாமே அம்மா வழியாகத்தான் போய் வந்தன. இப்போது நடுவில் தாய்மாமன் வீரய்யாதான் நின்றார்.

“ஒத்த மகன் புள்ள. அவன் தூக்காம யாரு தூக்குறது?”

“இன்பாஸ் தூக்கட்டும்.”

மாமாவின் மகன் இன்பாஸ் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தான்.

“ஞாயித்துக்கெழம காலையில அம்மாவுக்கு நெஞ்சு அடைச்சிருக்கு,” என்றாள் நிரஞ்சலா. குரல் உயரவில்லை. “லயத்து ஆளுங்க பூரா பசறைச் சந்தைக்குப் போயிட்டாங்க. வண்டி கேக்கப் போன பெரிய மனுசன் கோயில் முடக்குல குந்திக்கிட்டு இருந்திருக்காரு. ரெண்டு மணித்தியாலம். கீழ ரோட்டுல பஸ்ல போனவங்க பாத்திருக்காங்க. அங்க என்ன வேலன்னு கேளுங்க மாமா.”

ஜெயரூபன் குடத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னான். “டெப்புல எழுதுனேன் மாமா. பச்சக் குறி வந்துச்சு. வண்டி முடக்கு வரைக்கும்தானே ஏறும். அதான் அங்க போய்ப் போய்ப் பாத்துக்கிட்டு நின்னேன். வரல. பொறவு நானே தூக்கிக்கிட்டு எறங்குனேன்.”

அப்படி இறங்கும் வழியில், போக்குப் பாலத்தடியில், அவன் முதுகில்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இருந்த ஒரே போன் ஒரு வாரமாகப் பசறையில் பழுது பார்க்கக் கிடந்தது. பதுளையில் இருந்த மகளுக்குச் செய்தி வந்தபோது மணி மூன்று.

மலர்வளையத்தோடு வந்திருந்த தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஞாயித்துக்கெழம மேக்கணக்குல இருந்து எங்களுக்கு ஒண்ணும் வரல. வந்திருந்தா அந்த நிமிசமே டிரைவர அனுப்பியிருப்பேன். ஒரு மாசமாவே இங்கயிருந்து ஒரு முறைப்பாடு கெடையாது. மத்த பிரிவுக்கெல்லாம் நான் உங்களத்தான் உதாரணம் சொல்லுறது.”

அந்த வார்த்தையில் நிரஞ்சலா சற்று நின்று யோசித்திருக்க வேண்டும். கோபம் நிற்க விடவில்லை.

“எழுதியிருந்தா, ஆபீசுக்குப் போவாட்டியும் அது டெப்புக்குள்ள இருக்கும். அது நான் செஞ்சது. இப்ப எடுத்துட்டு வாரேன். இருந்தா இவரு குடம் தூக்கட்டும். இல்லாட்டி, எங்கம்மா பெட்டிக்குப் பின்னாலகூட வரக்கூடாது.”

“மூணு மணிக்கு எடுக்கணும் புள்ள.”

“அர மணித்தியாலம் போதும்.”

தேயிலைக்கு நடுவே போன கல்படியில் ஏறும்போது, வந்து என்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஒன்றுமே இல்லாத திரையை மாமாவின் கையில் கொடுக்க வேண்டும். ‘பாருங்க மாமா, உங்க மருமகன் எழுதுனத நீங்களே படிங்க’ என்று சொல்ல வேண்டும். பிறகு அவன் இந்த லயத்தில் எந்த வாசலிலும் நிற்க முடியாது. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு தேயிலைச் சாயத்தண்ணி குடிப்பதுபோல, அந்த வார்த்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசித்தாள். பெண் பார்த்த அன்று அணிந்து மடித்து வைத்த சேலையின் மடிப்பை அவள் இன்னும் கலைக்கவில்லை.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், சேலைத் தொட்டில்களில் மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பொறுப்பாக இருந்த லூசியா வாயில் விரலை வைத்துக் காட்டினாள். வெளியிலிருந்தும் கை எட்டும்படி ஜன்னல் கட்டையில் டெப் இருந்தது. அதன் உறையில் துளை போட்டு, ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் பூட்டியிருந்தது.

“இது எப்ப கட்டுனது லூசியாக்கா?”

“போன மாசம்,” என்று லூசியா கிசுகிசுத்தாள். “ஒரு நாள் காணாமப் போச்சு. தேடுனா, வாழ மரத்தடியில புள்ளைங்க காட்டூன் தேடிக்கிட்டு இருக்குதுங்க. கிளாக்கரய்யா ஏசிட்டு இந்த நாய்ச் சங்கிலிய வாங்கிக் குடுத்தாரு.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி பின்னேரத்துல பையில போட்டு எங்க வீட்டுக்குக் கொண்டு போயிருவேன்.”

லூசியாவின் வீடு கோயில் முடக்குக்கு அந்தப் பக்கம். ஏழு மாதமாக ஒவ்வொரு மாலையும், அவளுக்கே தெரியாமல், அவளுடைய பைக்குள்ளிருந்து கோரிக்கைகள் ஆபீசுக்குப் போயிருக்கின்றன.

“இப்ப யாரு முடக்குக்குக் கொண்டு போறது?”

“எதுக்குக் கொண்டு போவணும்? பச்ச விழுந்துருதே. பச்ச விழுந்தா போயிருச்சுன்னு நீதானே வந்து சொல்லிக் குடுத்த?”

நிரஞ்சலா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். உள்ளே பதிந்தால் மஞ்சள், ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால் பச்சை என்று வைக்கும்படி நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். பதுளையில் இருந்து சோதித்தபோது இரண்டும் ஒரே நொடியில் நடந்தன. மஞ்சளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

சோதனைக்காகத் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். பிரவுசரின் களஞ்சியத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே எடுத்து வரிசையாகக் காட்டும் பக்கம். அதைத் திறந்தாள். நாற்பத்து மூன்று வரிகள். காற்றில் போன கூரைத் தகரம். தண்ணிப் பீலிக்கரை விளக்கு. பெரியாயி வீட்டுச் சுவர் வெடிப்பு. நிறைமாதமான கேஷானிக்கு புதன்கிழமை கிளினிக் போக வண்டி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘காத்திருப்பு’ என்ற ஒரே சொல்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை. ஒன்றல்ல, மூன்று வரிகள்.

முதலாவதைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதைப் படித்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தது. ‘எல்லாவற்றையும் அழி’. அதுவும் அவள் வைத்ததுதான். ஒரு தரம் தொட்டால் போதும். கிளாக்கர் சொன்னது உண்மையாகிவிடும். அண்ணன் காலம் பூராவும் பொய்யனாக இருப்பான். அவள் நல்ல மகளாகவே பதுளைக்கு பஸ் ஏறலாம். படியேறும்போது அடுக்கி வைத்த வார்த்தைகள் இன்னும் நாக்கில் இருந்தன. அவனைச் சாய்க்க நாலு வருடமாகத் தேடிய ஆயுதம், இப்போதுதான் முதல் தரமாகக் கையில் முழுசாக அகப்பட்டிருந்தது. கட்டை விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

“இருக்கா?” என்று லூசியா கேட்டாள். “ஜெயரூபன் எழுதுனது?”

தொட்டிலில் ஒரு குழந்தை முனகியது. லூசியா திரும்பி அதை ஆட்டினாள். அந்த நேரம் பூராவும் விரல் அங்கேயே நின்றது.

“சாவியக் குடுங்கக்கா,” என்றாள் நிரஞ்சலா.

அவள் டெப்போடு லயத்துக்குத் திரும்பியபோது பெட்டியை மூடியிருந்தார்கள். இன்பாஸின் தோளில் குடம் ஏறியிருந்தது. ஜெயரூபன் வடிகாண் ஓரத்தில், ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றான்.

கிளாக்கர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன, ஒண்ணுமில்லத்தானே? நான்தான் சொன்னேனே. அப்ப நான் வாரேன்.”

“போவாதீங்க கிளாக்கரய்யா. உங்களுக்குத்தான் எழுதியிருக்கு. கேட்டுட்டுப் போங்க.”

அவள் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றாள். “இது ஆபீசுக்குப் போவல. சங்கிலி போட்டுக் கட்டுனதால போவல. போவாததுக்கும் போச்சுன்னு பச்ச காட்டுனது நான். இந்த லயத்துல ஒரு மாசமா யாரு எத எழுதியிருந்தாலும் இதுக்குள்ளதான் கெடக்கு. மத்ததப் பொறவு படிக்கிறேன். மொதல்ல இது.”

திரையை விரலால் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வரிகளுக்கு வந்தாள்.

“பத்து பன்னெண்டு. ‘ஏழாம் லயம் நல்லம்மா. நெஞ்சு அடைக்குது. வண்டி வேணும். நான் கோயில் முடக்குல நிக்கிறேன். ஜெயரூபன்.’”

வீரய்யா மாமா மெல்லக் கீழே பார்த்தார்.

“பத்து நாப்பத்தேழு. ‘வண்டி வரல ஐயா. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் குடிக்கல ஐயா. சத்தியமா.’”

ஜெயரூபன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்பாஸ் குடத்தை இறக்கி வைத்தான். கிளாக்கர் கையில் எடுத்திருந்த கார்ச் சாவியை மறுபடி சட்டைப் பையில் போட்டார்.

“பதினொண்ணு முப்பத்தொண்ணு,” என்றாள் நிரஞ்சலா. வெயிலில் திரை மின்னி எழுத்தை மறைத்தது. மாமா தோள்துண்டை விரித்து அதன்மேல் நிழல் பிடித்தார். பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்த ஆறு பேரும் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, அவள் படித்தாள்.

“‘வண்டி இல்லாட்டிப் பரவாயில்ல ஐயா. ஒரு ஆள மட்டும் அனுப்புங்க. அம்மாவ என்னால ஒத்தையில தூக்க முடியல.’”