வேக வைத்த புட்டி

இரண்டு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் இருந்த கண்ணாடித் தட்டுகளைத் தட்டக்கா வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருந்தன. மற்றது கழுவிக் கவிழ்த்தது போல வெறுமையாக இருந்தது. முளைக்க வேண்டியது அந்த வெறும் தட்டில்தான்.

வேளாண் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகத் தட்டுகளில் பாக்டீரியா வளர்ப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர்தான் தட்டக்கா. குங்குமப்பூச் செடியின் வேரை ஒட்டி ஒரு நல்ல பாக்டீரியா வாழ்கிறது. வேரை நீளச் செய்யும், கிழங்கை அழுகாமல் காக்கும். அதைப் பெருக்கிப் புட்டியில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே கலங்கல் நீரை வேக வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொன்று, இன்னொரு புட்டியும் வைத்துக்கொள்வார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்; ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு வளர்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வேக வைத்தது ஆறட்டும் என்று சீட்டு ஒட்டாமல் போனவள், திரும்பி வந்து மாற்றி ஒட்டிவிட்டாள்.

செத்த புட்டியை முந்தாநாள் வாங்கிப் போனவர் தோட்டக்காரம்மா. கணவரை இழந்தவர். போன வருடம் கிழங்கில் முக்கால்வாசி அழுகிப் போயிற்று. மிஞ்சிய ஒரு கூடைக் கிழங்குதான் இனி அவருக்குத் தோட்டம். இன்று நடவு.

மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

"விடு தட்டக்கா," என்றான் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரன். "செத்த பாக்டீரியா யாரையும் கடிக்காது. அழுகினா மழை மேல பழி போட்டுட்டுப் போவாங்க. நீயா போய்த் தலையைக் குடுக்கணுமா?"

"மழைக்கு வாய் இல்லைன்னு அது தலையில கட்டறதா?"

உயிருள்ள புட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தாள். கடவுளே, ஒரு வரிசைக்கு மேல் நட்டிருக்கக் கூடாது என்று வேண்டினாள். அது பேரம் பேசுவது போலப் பட்டது. உண்மையைச் சொல்ல என் நாக்குக்குப் பலம் கொடு, அது போதும் என்று மாற்றிக்கொண்டாள்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து வரிசையில் மூன்றை நட்டு மண்ணால் மூடிவிட்டிருந்தார்கள். தோட்டக்காரம்மாவும் அவருடைய கொழுந்தனும் நான்காவதில் குனிந்திருந்தார்கள். தட்டக்கா வரப்பில் நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"நல்லா இருக்கு மேடம்," என்றார் கொழுந்தன். "பொணத்தைக் காவலுக்கு வெச்சிருக்கீங்க."

தோட்டக்காரம்மா நிமிர்ந்து, துணி சுற்றிய புட்டியைப் பார்த்தார்.

"இந்தப் புட்டில உசிரு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. காலைல கண்ணால பாத்தேன். நட்டதுல இன்னும் வேர் விட்டிருக்காது. தோண்டி எடுத்து, அரை மணி நேரம் ஊற வெச்சு, நிழல்ல உலர்த்தி நடலாம்." பிறகு, எல்லாரிடமும் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "முதல்ல நனைச்சப்ப வேற எதுவும் கலக்கலையே?"

அந்தம்மா கையில் இருந்த கிழங்கைப் பார்த்தார்.

"அழுகல் மருந்துத் தூள் ரெண்டு கரண்டி போட்டேன். போன வருசம் பட்ட பயம். நல்லதோட நல்லது சேந்தா கெட்டுப் போகுமான்னு நெனச்சேன்."

"அந்தத் தூள் இதையும் கொன்னுடும்மா."

"அப்போ சரிதான்," என்றார் கொழுந்தன். "இவங்க உசிரோட குடுத்திருந்தா, அண்ணி, நீங்க கொன்னிருப்பீங்க. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்னு இவங்களே முடிச்சுக் குடுத்துட்டாங்க."

தோட்டக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கண்ணும் கலங்கிவிட்டது. தட்டக்காவால் சிரிக்க முடியவில்லை.

"தூள் கூடாதுன்னு நான் வாயால சொல்லியிருக்கணும். அதுவும் என் தப்புதான்."

"கேக்காம போட்டது என் தப்பு. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம், வாங்க." புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மூவரும் கையாலேயே மண்ணை விலக்கிக் கிழங்குகளை எடுத்தார்கள். தூள் போக மூன்று தண்ணீரில் கழுவினார்கள். மேலே மேகம் கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கிழங்கையும் தொடும்போது, நகம் பட்டுவிட்டதோ, இதுவே அழுகலுக்கு வழி விடுமோ என்று தட்டக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழங்குகள் ஊறுகிற அரை மணி நேரத்தில் தோட்டக்காரம்மா தன் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்தார். பெரிய பங்கை அவள் பக்கம் நகர்த்தினார். அதை விழுங்குவதுதான் அன்றைக்கு அவளுக்குக் கடினமாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஐந்து வரிசையும் முடிந்தது.

மறுநாள் துறைத் தலைவரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கடிந்துகொண்டார். வேக வைக்கும் முன்பே புட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அன்றே விதி போட்டார். அதன் பிறகு மழை இரண்டு முறை கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு முறையும் சன்னலருகே நின்று, மண்ணுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் காவலாளிகளுக்காகப் பிரார்த்தித்தாள். போன் செய்து கேட்கத் துணிவு வரவில்லை.

நான்காவது வாரம் கொழுந்தனே அழைத்தார்.

"மேடம், ரெண்டாவது வரிசையில நாலு கிழங்கு வரலை. மத்ததெல்லாம் தலை நீட்டிருச்சு."

"நாலா?"

"பாத்தீங்களா. நீங்க அந்த நாலைத்தான் கேப்பீங்கன்னு அண்ணி அப்பவே சொன்னாங்க. கவலைப்பட வேண்டாமாம். மத்ததை வந்து பாக்கச் சொன்னாங்க."