போடாமல் விட்ட ஒன்பது நாள்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு சளி டப்பாவில். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

போன வியாழக்கிழமை மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் சளி எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு மாத காசநோய்ச் சிகிச்சையில் அதுதான் கடைசிப் பரிசோதனை. முடிவு நாளைக் காலை. நடுவில் ஒன்பது நாள் மாத்திரை போடாமல் விட்டவன் நான். கிருமி செத்ததா, மருந்துக்கு அடங்காததாக மாறி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதா என்பது நாளைக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால் ஒருவருக்கு நன்றி எழுதிவிட வேண்டும்.

என் பெயர் பச்சமுத்து. ஊர் வடக்கனந்தல். படிப்பு பத்தாவது வரை, சின்னசேலத்தில். கள்ளக்குறிச்சியில் அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதித் தருவது தொழில். இருபத்தாறு வருஷமாக எழுதியதெல்லாம் கேட்கிற தாள்கள்: பட்டா, முதியோர் உதவி, தெருவிளக்கு. நன்றி சொல்ல ஒரு தாள் எழுதிக் கொடுங்கள் என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அதனால் எனக்கு அதில் பழக்கம் கம்மி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம்:

பொருள்: தங்கள் மேலான சேவைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக—

(வேண்டாம். இசைவாணி இதைப் படித்தால் சிரித்துவிடுவார். இசைவாணி என்பவர் எங்கள் பகுதியில் காசநோய்க்காரர்களை வீடு வீடாகப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண்.)

இரண்டாம் தொடக்கம்:

சுமார் தொள்ளாயிரத்து ஐம்பது வருஷங்களுக்கு முன், காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில், பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலை—

(ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. நூலகத்தில் அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்து நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வைத்தியர் பெயர் அதில் இருக்கிறது. மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பெண்கள் ‘இருவர்’ என்று மட்டும் இருக்கிறதாம். அந்த இருவர் யார் என்று யோசித்துக்கொண்டே நேற்று மதியம் போய்விட்டது. கதை நகரவில்லை.)

மூன்றாம் தொடக்கம் வைக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

3.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது மாதம் எனக்கு அம்மை போட்டது. உலகத்தை விட்டுப் பெரியம்மை போய் ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகிறது. எனக்கு வந்தது சின்னம்மை. ஆனால் கட்டுப்பாடு ஒன்றும் சின்னதாக இல்லை. வாசலில் வேப்பிலை. குழம்பில் தாளிப்பு கிடையாது. வெளியிலிருந்து வருகிறவர் நேராக உள்ளே நுழையக் கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் வேறு மருந்து கூடாது.*

மாத்திரை அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி சாமி மாடத்தில் வைத்துவிட்டாள் கலையரசி. கலையரசி என் மனைவி. ‘ஆத்தா வந்துக்கிற வூட்ல இங்கிலீஷ் மருந்தா?’ என்று கேட்டாள்.

பத்தாவது நாள் இசைவாணி வந்தார். வேப்பிலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார்.

“அக்கா, கால் கழுவத் தண்ணி குடுங்க. எனக்குச் சின்ன வயசுலயே போட்டுடுச்சி, பயமில்ல.”

சொம்பில் மஞ்சள் தண்ணீர் போனது. காலைக் கழுவிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“அண்ணே, எத்தினி நாளா போடல?”

“ஒம்போது.”

“இன்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? டாக்டராண்ட போன்ல கேட்டுக்கினுதான் வரேன். அம்மைக்கும் இதுக்கும் சண்டையே இல்ல, தாராளமா போடலாம்னாரு. நீங்க வுட்டுட்டாத்தான் உள்ள இருக்கிறவன் தெம்பாயிடுவான்.”

“ஆத்தா கோச்சிக்கும்மா.”

“ஆத்தா எப்ப வந்தா?”

“பத்து நாளு ஆவுது.”

“மாத்திரை வூட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆவுது. முன்னாடியே வந்து குந்திக்கினு இருக்கிற விருந்தாளிய, நேத்து வந்தவ எழுந்து போன்னு சொல்லுவாளா? எங்க மலையில அப்படிச் சொல்லமாட்டா. உங்க கீழ்நாட்டு ஆத்தா அவ்ளோ மரியாதை தெரியாதவளா?”

கலையரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணியை அவிழ்த்தாள்.

---
* மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று எல்லாரும் ஊற்றிவிடுவார்கள். எங்கள் தெருவில் கொப்புளம் காய்ந்தால்தான் கணக்கு.

4.

மேலே மூன்றாம் பகுதியைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு பாத்திரத்தை நான் நம்பவில்லை. மாத்திரையைச் சுற்றி வைத்த கலையரசியை.

ஏனென்றால் சுற்றி வைத்தவன் நான்.

மனு எழுதுகிறவனுக்கு இது பழக்கம். தப்பை எப்போதும் எதிர்மனுதாரர் தலையில் வைத்து எழுதுவோம். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

மாத்திரை போட்ட நாளிலிருந்து குமட்டல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அப்படித்தான் போகும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே இசைவாணி சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் விதிமுறை எடுத்துச் சொல்கிற எனக்கு அது காதில் ஏறவில்லை. ரத்தம்தான் கரைந்து போகிறது என்று உள்ளுக்குள் நடுக்கம். வெளியே சொல்ல வெட்கம். அந்த நேரம் பார்த்து அம்மை வந்தது. எனக்கு அது விடுமுறை மாதிரி இருந்தது. மஞ்சள் துணி கேட்டு வாங்கினேன். ‘ஆத்தா கோவிச்சுக்கும்’ என்று நான்தான் சொன்னேன்.

“ஆத்தா பேர இழுக்காதீங்க. உங்களுக்கு மாத்திரை புடிக்கல, அவ்ளோதான்” என்றாள் கலையரசி. ஒன்பது நாள் சொல்லிப் பார்த்தாள். பத்தாவது நாள் காலை கொல்லைப் பக்கம் போய் இசைவாணிக்கு போன் பண்ணியதும் அவள்தான். விருந்தாளி நியாயத்தைக் கேட்டு அவள் சிரித்தது உண்மை. ஆனால் சிரித்தது என் முகத்தைப் பார்த்து.

கலையரசி தண்ணீர் மொள்ள உள்ளே போனதும் இசைவாணி குரலை இறக்கினார்.

“அண்ணே, கலரா போவுதுன்னு பயந்துட்டீங்களா?”

நான் தலையாட்டினேன்.

“எங்கப்பாவும் இப்படித்தான் பயந்துக்கினு வுட்டாரு. கேட்க ஆளில்ல. நான் அப்ப ஆறாவது.”

அவ்வளவுதான் சொன்னார். அப்பா என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். விழுங்கியாகிவிட்டதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஆவென்று திறந்து காட்டினேன்.

5.

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.)

இந்த நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தார்கள். கஷாயம், லேகியம், பத்தியம் என்று எத்தனையோ தலைமுறை வைத்தியர்கள் கையில் இருந்ததைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, தனி ஆஸ்பத்திரி. மருந்து கண்டுபிடித்த பிறகும், படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகளில் ஒரு பாதியை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே மருந்து தின்னச் சொன்னார்கள். பெரும்பாலும் ஏழைகள், நெருக்கமான வீடுகள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த வீடுகளில் இருந்தவர்கள் நாள் தவறாமல் விழுங்கியதால்தான், இன்றைக்கு நான் வேலையை விடாமல், கலையரசி வைக்கிற சோற்றைத் தின்றுகொண்டு வைத்தியம் பார்க்க முடிகிறது. அவர்களுக்கும் குமட்டியிருக்கும். ஐயா, அம்மா, உங்கள் விலாசம் எனக்குத் தெரியாது. நீங்கள் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

6.

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன்.

அ) சளியில் கிருமி இல்லை. இசைவாணி சீட்டைக் காட்டிச் சிரிக்கிறார். (எனக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே எழுதக் கை கூசுகிறது.)

ஆ) கிருமி இருக்கிறது. வேறு மாத்திரை, இன்னும் பல மாதங்கள். வேப்பிலை இல்லாத வாசலில் இசைவாணி மறுபடி வந்து உட்கார்கிறார்.

இ) ஒன்பது நாளால்தான் இப்படி என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்—

அதற்குமேல் ஓடவில்லை. மூன்றையும் கலையரசியிடம் படித்துக் காட்டினேன்.

“நாளைக்குத் தெரியப் போவுது. பாத்துட்டு எழுதுறதுதானே? இன்னா அவசரம்?”

“பாத்துட்டு எழுதினா, நல்ல ரிசல்ட்டு வந்தாத்தான் நன்றின்னு ஆயிடும் கலை. அந்தப் பொண்ணு வெயில்ல வந்து குந்தினது அன்னிக்கே முடிஞ்சிப்போச்சி. நாளைக்கி இன்னா வந்தாலும் அது மாறாது.”

“நல்லாத்தான் பேசுறீங்க. எனக்கு ஒண்ணும் எழுதலயா?”

“நாலாவது பகுதி பூரா நீதான்.”

“பொய்யி எழுதி, அடிச்சி, அப்புறம் எழுதினீங்களே, அதுவா?”

அதேதான் என்றேன். தாளை வாங்கி ஒரு தடவை தானே படித்தாள். நிதானமாகப் படித்தாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வாசகரே, நாளை பதினொரு மணிக்கு, சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால், இந்தத் தாளை இசைவாணி கையில் கொடுத்துவிடுவேன். முடிவுக்குக் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதுவது என்பது உங்கள் பொறுப்பு. எதை எழுதினாலும் அவர் பெயரை முழுதாக எழுதுங்கள், ‘பணியாளர் ஒருவர்’ என்று—

“ஏங்க, கடைசி அட்டையில இன்னிக்கி மாத்திரை அப்படியே இருக்குது?”

விடியற்காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன். வெறும் வயிறுதான், இந்த மாத்திரைக்கு அதுதான் வேண்டும். தண்ணீரோடு வந்து நிற்கிறாள். பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறாள். வைக்கிறே