வெள்ளையடித்த சுவர்

செல்லத்தாய் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தது நான்தான். பஞ்சாயத்துக் கூலி வேலை, சொன்னதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் படுகிறது.

எழுபத்தாறாம் வருடம், நெருக்கடி நிலை. மில் சங்கத்தில் இருந்த அவள் புருஷன் மலைச்சாமியையும் கூட நாலு பேரையும் ஒருநாள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அலைந்து ஓய்ந்தவள், அடுப்புக்கரியை எடுத்துத் தன் வீட்டு மண்சுவரில் எழுதினாள்: 'ஜீப்பில் கொண்டுபோன என் வீட்டுக்காரர் மலைச்சாமி எங்கே?'

திருமங்கலம் ரோட்டில், ரயில்வே கேட்டை ஒட்டிய வீடு. கேட் மூடினால் பஸ்ஸெல்லாம் அங்கேதான் நிற்கும். ஆனாலும் வரட்டி தட்டிக் கறுத்த சுவரில் கரி எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்? கிட்டே போய்ப் பார்த்த ஓர் அதிகாரிக்கு மட்டும் தெரிந்தது.

"அழி. ஒரு எழுத்து தெரியக் கூடாது" என்றார் என்னிடம்.

தொழிலில் எனக்கு ரோஷம் உண்டு. வரட்டியைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, சுண்ணாம்பில் நீலம் கலந்து இரண்டு பூச்சு அடித்தேன். சுவர் பளிச்சென்று ஆனது.

மறுநாள் அதே கேள்வி, முழ உயர எழுத்தில். கேட்டில் நின்ற பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள்.

"ஏத்தா, என் பொழப்பக் கெடுக்கப் பாக்குறியா?" என்றேன்.

"நீங்கதாண்ணே எழுத எடம் பண்ணிக் குடுத்தீக. இன்னும் ரெண்டு பூச்சு அடிங்க, மழமழன்னு இருக்கும்."

மறுபடி அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். அவள் மறுபடி எழுதினாள். அவளைப் பிடித்துக்கொண்டு போகவும் அதிகாரிக்குப் பயம். அதற்குள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், மலைச்சாமி கிடைத்தாரா என்று கண்டக்டரிடம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். பத்திரிகைக்காரன் ஒரு வரி போட முடியாத காலம். இந்தச் சேதி மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை நான் வாளியோடு நிற்கும்போது, மேலூர்க்காரி ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள்.

"நீதான் செல்லத்தாயா? போன வாரம் இதப் படிச்சேன். ஜெயில்ல எந்தம்பிய மனுப் போட்டுப் பாக்கப் போனப்ப அவங்கிட்ட கேட்டேன். ஒன் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. வியாழக்கெழம போறேன், நீயும் வா."

"உசுரோட இருக்காகளா?"

"இருக்காரு தாயி."

செல்லத்தாய் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்கு மேல் அந்த எழுத்தை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கண்ணே போறீக?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடிங்க. அவுகளோட சேத்துப் பிடிச்ச நாலு பேரு சம்சாரமும் எழுத எடம் வேணும்ல."