சரளைக்கல் முற்றத்தில் நான்கு குளம்புகள்

ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 9. வானம் தெளிவு, மிதமான காற்று, நேற்றைய மழையின் ஈரம் சரளைக்கற்களில் எஞ்சியிருக்கிறது.

1

வாசகரே, இக்கதை பிறந்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தம்பி ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தைப் பராமரிப்பவன். அங்கே ‘கண்ணாடிக்காலன்’ என்று பட்டப்பெயர் பெற்ற குதிரை ஒன்று உண்டு. கல் தரையில் அது நடப்பது, கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடப்பவரைப் போலிருக்கும். சென்ற ஆண்டு இதே நாளில் முதலாளியம்மா சொன்னார்:

“ஒரு வருஷம் தர்றேன். முற்றத்தைத் தானா நடந்து தாண்டலேன்னா, ஊசி போட்டுக் கண்ணை மூடவெச்சிடலாம். அது படுற பாட்டை என்னால பார்க்க முடியல.”

தம்பி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: குதிரை என்பது நான்கு கால்களையுடையதும் விரைந்து ஓடவல்லதுமாகிய ஒரு

[நிறுத்திவிட்டேன். இந்தக் குதிரை ஓடுவதில்லை.]

இரண்டாம் தொடக்கம்: ஈவிரக்கமற்ற லாடக்காரன் ஒருவன் கையில் குளம்பு சீவும் கத்தியுடன் வந்தான்.

[இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டாமா?]

சமையலறை மேசையருகே இதை உரக்கப் படித்தேன். தம்பியோடு வந்திருந்த லாடக்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்னக்கா, என்னைக் கொலைகாரன் ஆக்கிட்டீங்க?”

“கத்தி உங்க கையிலதானே இருந்துச்சு?”

“கத்தி என் கையில. வாய் யாரோடது? ‘இன்னும் சீவுங்க, அடிப்பாதம் வெள்ளையா வரட்டும்’னு ஒவ்வொரு தடவையும் தலைமாட்டுல நின்னு சொன்னது யாரு? உங்க தம்பியைக் கேளுங்க.”

தம்பி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். “சுத்தமா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன்கா.”

“வேணாம்னு நீங்க சொல்லியிருக்கலாமே?” என்று லாடக்காரரைக் கேட்டேன்.

“சொன்னா சோம்பேறிம்பான். அந்தப் பேரு எனக்கு எதுக்கு?”

அழுக்கென்று எண்ணி அவர்கள் சீவியெறிந்தது அக்குதிரையின் செருப்பு.¹ மிச்சமிருந்தது காகிதக் கனமே. என் கெட்டவன் இவ்வாறு கதையை விட்டு வெளியேறினார். போகும்போது இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டார்.

¹ அடிப்பாதம் என்பது குளம்பின் கீழ்ப்புறத் தகடு. அது தடித்திருந்தால்தான் கல் உறுத்தாது. இது கால்நடை மருத்துவர் தந்த விளக்கம்.

3

மருத்துவர் கட்டளைகள் தந்தார். அடிப்பாதத்தில் கத்தி படக்கூடாது; ஐந்து வாரத்துக்கொரு முறை ஓரங்களை மட்டும் அரத்தால் தேய்க்க வேண்டும். தீனிக்கான உலர்புல்லை ஊறவைத்து அதிலுள்ள சர்க்கரையை வடிக்க வேண்டும்; சர்க்கரை மிகுந்தால் குளம்பு நோகுமாம். தரை உலர்ந்திருக்க வேண்டும். வெளியே செல்லும்போது குளம்புகளுக்கு ரப்பர்க் காலணி.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

[இவ்வாக்கியம் பிழை.] மூன்றாம் மாதம் தம்பி தொலைபேசியில் கூவினான்: “அக்கா, உடனே வா! கோடு இறங்குது!”

குளம்பின் மேல் விளிம்பில், மயிர் முடியுமிடத்துக்குக் கீழே, மெல்லிய கோடொன்று குறுக்கே ஓடியது. அதற்குக் கீழே பழைய குளம்பு, வரிவரியாய்ச் சிதைந்து. மேலே புதியது, வழவழப்பாக, இறுக்கமாக. மாதத்துக்கு ஒரு விரல் அகலம்கூட அது வளர்வதில்லை. நான் விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்நூறு கிலோ உயிரொன்று நான்கு நகங்களின்மீது நிற்கிறது. அந்நகங்களை யாரும் பாராதபோது தானே முதலிலிருந்து எழுதிக்கொள்கிறது! நான் படித்த பாடநூல்கள் எதிலும் இது இல்லை.

அன்று முதல் என் வாக்கியங்களைச் சீவுவதை நிறுத்தினேன். மேலே அடைப்புக்குறிகள் கிடப்பது அதனால்தான்.

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் குதிரை கடக்கிறது, முதலாளியம்மா கண்கலங்குகிறார். மற்றதை எழுதிய தாளைத் தம்பிக்குக் காட்டவில்லை.

இன்று வேலியோரம் நின்று எழுதுகிறேன். முற்றம் முப்பது அடி. எதிர்ப்பக்கம் முதலாளியம்மா. தம்பி குதிரையின் காலணிகளைக் கழற்றினான், கயிற்றையும் விட்டுவிட்டான்.

முதல் காலடி. தம்பியருகே நின்ற லாடக்காரர் தரையோடு தரையாகக் குனிந்தார்.

“குதிகால் முதல்ல இறங்குதுடா! வலிக்கிற கால் நுனியைத்தான் வைக்கும். இது குதிகாலை வைக்குது!”

“சும்மா இருங்க, பயந்துரப்போவுது,” என்றான் தம்பி.

ஏழாவது காலடி. எட்டாவது. நட்டநடுவில் குதிரை நின்றது.

“என்னாச்சு?” என்றார் முதலாளியம்மா.

வலியா, வேடிக்கை பார்க்கிறதா? அது காதுகளை முன்னால் திருப்பியது. முன் வலக்கால் மெதுவாக உயர்ந்தது.

வாசகரே, இதற்குமேல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே இதைப் பார்க்க என்னால் இயலாது, பேனாவை மூடுகிறேன். காலை மணி ஒன்பது பதினேழு.